தலைக்கு எவ்வளவு? திருகோணமலைச் சலூன்களில் நான் காசு கொடுக்கும் கணக்கு

திருகோணமலையில் ஒரே தலையை 400 ரூபாவுக்கும் வெட்டலாம், 2000 ரூபாவுக்கும் வெட்டலாம். ஊர்ப்பக்கங்களில் வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையும் கண்ணாடியும் போட்டு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டவுனுக்குள் சந்தைப் பக்கத்திலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் மூன்று கதிரை போட்ட பழைய சலூன்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட புதுக்கடைகள் சில. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் வெள்ளைக்காரர் வருகிற மாதங்களை நம்பி ஓடுகிற கடைகள் இன்னொரு வகை.

எங்கள் வீட்டில் வெட்ட வேண்டிய தலைகள் மூன்று: அப்பாவுடையது, என்னுடையது, பத்தாம் ஆண்டு படிக்கிற மகனுடையது. மூன்றும் மூன்று இடத்தில், மூன்று விலையில் வெட்டப்படுகின்றன. மனைவியின் பார்லர் கணக்கு தனி. அதில் நான் வாய் வைப்பதில்லை.

எங்கே போனாலும் நான் பார்க்கிறது ஒன்றைத்தான். கத்தரி பிடிக்கிறவர் இந்தத் தலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்? பன்னிரண்டு நிமிடத்தில் மெசினை நாலு தரம் இழுத்து, பவுடர் தட்டி இறக்கிவிடுகிற கடையில் 500 கொடுத்தாலும் எனக்கு அது விலை கூடத்தான். அரை மணித்தியாலம் நின்று, சீப்பும் கத்தரியுமாக உச்சியைச் சரிபார்த்து, கடைசியில் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுகிறவருக்கு 900 கொடுத்தாலும் மனம் சுடாது.

இதைச் சும்மா வாய்க்குச் சொல்லவில்லை. தலைமயிர் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் வளரும். மோசமாக வெட்டினால் மூன்றாம் கிழமையே காதுக்கு மேலே குடை பிடித்தாற்போல் நிற்கும், திரும்பவும் ஓட வேண்டும். மூன்று கிழமைக்கு ஒருக்கால் 600 ரூபா என்றால் வருடத்துக்கு 17 தரம், 10,200 ரூபா. சரியாக வெட்டினால் ஐந்து கிழமை தாங்கும். 900 ரூபாப்படி பத்துத் தரம், 9000 ரூபா. மலிவு என்று போன இடத்தில்தான் காசு கூடப் போகிறது. அதோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளும் போகின்றன.

விலை எப்படி இந்த அளவுக்கு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். பிளேட், கிறீம், மெசினுக்குப் போடுகிற எண்ணெய், கடை வாடகை எல்லாம் அதோடு சேர்ந்து ஏறின. 250 ரூபாவுக்கு வெட்டின கைகள் 350, 400, 500 என்று போனதில் எனக்குக் கோபமில்லை. பிறகு மின்கட்டணம் இறங்கியபோது ஏசிக் கடைகளின் விலைப் பலகை அசையவே இல்லை என்பதையும் கவனித்தேன். அதனால், ஏசி போட்ட கடைகளில் நாம் கொடுக்கிற கூடுதல் காசில் ஒரு பங்கு குளிருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டே உட்காருங்கள். ஓகஸ்ட் மாத மத்தியான வெயிலில் நானும் அந்தக் குளிருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். அது வேறு கதை.

உட்கார முன்னம் விலை கேட்கிறதில் நம்முடைய ஆட்களுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. மீன் வாங்கும்போது கிலோவுக்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லி நிற்கிறவர், சலூனில் வாய் திறக்காமல் கழுத்தைக் கொடுத்துவிட்டு, எழும்பும்போது முகம் கறுப்பார். "அண்ண, தலை மட்டும் எவ்வளவு? தாடியும் சேர்த்தா எவ்வளவு?" அவ்வளவுதான் கேள்வி. "தலை மட்டும்" என்ற இரண்டு சொல்லையும் விடக்கூடாது. புதுக்கடைகளில் விலை ஏறுகிறது வெட்டுகிறபோது இல்லை, வெட்டி முடிந்த பிறகுதான். தலையைக் கழுவிவிடட்டா? கழுவினால் காசு. வெயிலில முகம் கறுத்திருக்கு, ஒரு ஸ்க்ரப் போடட்டா? அதற்கும் காசு. தாடியைச் சும்மா லைன் எடுத்துவிடுறன் என்பார் தம்பி. அந்தச் "சும்மா"வும் பில்லில் வரும். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக "ம்" போடுகிற ஒவ்வொரு தரமும் 300, 400 ஏறும். டவுனில் ஒரு கடையில் 800 என்று உட்கார்ந்து 2100 கொடுத்துவிட்டு எழும்பினேன். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் செய்தார்கள், விலையை மட்டும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு "போடட்டா"வுக்கும் "அதுக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடும்.

உப்புவெளிப் பக்கம் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும். அந்த நேரம் சில இடங்களில் விலைப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் தொங்கும். நாங்கள் தமிழில் கேட்டால் விலை குறையும். அதைக் கேட்டு வாங்க வெட்கப்படத் தேவையில்லை. அதே கைகள் மாரி மழைக்குள் சும்மா இருக்கும். டிசம்பரில் அங்கே போனால் அவசரமில்லாமல், கதை சொல்லிச் சொல்லி வெட்டுவார்கள். நல்ல வெட்டுக்கு அந்தப் பக்கம் டிசம்பர்தான் சரியான மாதம்.

புதிய சலூனுக்குப் போனால் உடனே கதிரையில் ஏறுவதில்லை. வாங்கில் இருந்து பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்து, முதலில் இறங்குகிற ஆளைப் பார்ப்பேன். பிடரியில் கோடு நேராக இருக்கிறதா, இரண்டு கிருதாவும் ஒரே உயரமா, உச்சிச் சுழியில் மயிர் குத்திக்கொண்டு நிற்கிறதா. சுழியில்தான் கை தெரியும். சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதன் போக்கில் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். அவசரக்காரன் அதையும் ஒரே மட்டத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவான், பிறகு ஒரு மாதத்துக்கு எண்ணெய் வைத்தாலும் படியாது. எனக்கு இரட்டைச் சுழி. எந்தக் கடையிலும் நான் முதலில் கேட்கிறது, "அண்ண, எனக்கு ரெண்டு சுழி, பார்த்தீங்களா?" என்றுதான். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் நல்ல ஆள். "ஓம் ஓம்" என்றபடியே மெசினைப் போட்டால் அடுத்த தரம் வேறு கடை.

ஒரே கடையில் மூன்று கதிரை இருந்தால் அது மூன்று கடை. முதலாளியின் கையை நம்பிப் போய், புதிதாய்ச் சேர்ந்த பெடியனின் கதிரையில் உட்கார வேண்டியதில்லை. "நான் அண்ணைக்கு நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாங்கிலேயே இருக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். டொக்யார்ட் வீதிப் பக்கம் கடற்படைக்காரர் வந்துபோகிற கடைகளில் மெசின் வேலை துல்லியமாக இருக்கும். நாள் முழுக்க அதே ஒட்ட வெட்டுத்தானே செய்கிறார்கள். அங்கே போய்க் காது மூடுகிற நீள முடியை அழகாக்கிக் கேட்டால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

பிளேட் விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சேவ் எடுக்கவோ பிடரி வழிக்கவோ போகிறார் என்றால், புது பிளேட்டைக் கடதாசியோடு எடுத்து, என் கண்ணுக்கு முன்னால் முறித்துக் கத்தியில் போட வேண்டும். மஞ்சள்காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட, ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். கத்தியை டெட்டோல் தண்ணியில் ஒருக்கால் முக்கி எடுப்பது மனத்திருப்திக்கு மட்டும்தான். "புதுசு போடுங்க அண்ண" என்றால் முகம் சுளிக்கிற கடையில் எனக்கு வேலையில்லை.

மெசினும் அப்படித்தான். ஒரு கடையில் வெட்டிக்கொண்டு வந்து இரண்டு கிழமையில் பிடரியில் வட்டமாகப் படை வந்தது, அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. கிளினிக்கில் டொக்டர் பார்த்தவுடனேயே கேட்டார்: "எங்க முடி வெட்டினது?" பூசுமருந்து ஒரு மாதம் பூச வேண்டியிருந்தது. மருந்துக்குப் போன காசில் நல்ல கடையில் மூன்று நாலு தரம் வெட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் பார்க்கிறது மெசினின் பல்லைத்தான். ஒரு தலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரே அடித்து, துடைத்துவிட்டு அடுத்த தலைக்கு எடுக்கிறாரா? கழுத்தில் கட்டுகிற துணிக்குக் கீழே கடதாசித் துண்டு ஒன்று சுற்றுகிறாரா? விறாந்தைச் சலூனில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவரைப் பார்த்திருக்கிறேன். ஏசிக் கடையில் செய்யாதவரையும் பார்த்திருக்கிறேன். மாபிள் தரையை நம்பி ஏமாறாதீர்கள்.

எப்போது போவது என்பதிலும் காசு இருக்கிறது. எங்கள் ஊரில் இதைக் கணக்குப் போட ஒரு கலண்டர் காணாது, மூன்று வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் செவ்வாய், வெள்ளியில் தலையில் கத்தரி வைக்கமாட்டார்கள். அந்த நாட்களில் திறந்திருக்கிற கடைகளில் வாங்கு வெறுமையாக இருக்கும். சாத்திரம் பார்க்காதவர்களுக்கு அதுதான் பொன்னான நேரம், ஒரு ஆளுக்கு முக்கால் மணித்தியாலம்கூடக் கிடைக்கும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட ஐயப்பன் சாமிமார் தாடியோடு திரிவார்கள், சலூன்காரருக்கு வருமானம் கொஞ்சம் விழும். தை பிறந்து விரதம் முடிந்ததும் அவ்வளவு தாடியும் ஒரே கிழமையில் வந்து நிற்கும். அந்தக் கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் இரவு கிண்ணியாவிலும் மூதூரிலும் சலூன்களில் சனம் நிற்கும் நிலையை நேரில் பார்க்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கணக்கு வேறு. உழ்ஹிய்யா, அதாவது பெருநாள் குர்பான், கொடுக்க நிய்யத் வைத்தவர்கள் துல்ஹஜ் மாதப் பிறை தொடங்கினதிலிருந்து அறுத்து முடியும்வரை முடியோ நகமோ வெட்டுவதில்லை. ஆகவே கூட்டம் பிறைக்கு முன்னமே வந்துபோய்விடும். கிண்ணியாவில் வேலை செய்கிற காலத்தில் இதை ஒரு சலூன்கார நானாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். "தம்பி, நீங்க பெருநாளுக்கு நாலு நாள் முந்தி வாங்க, ராசா மாதிரி வெட்டலாம்" என்றார். அப்படியே போய் ராசா மாதிரித்தான் வெட்டிக்கொண்டு வந்தேன். ஏப்ரல் வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை மட்டும் யாருக்கும் தப்ப வழியில்லை. தமிழர், சிங்களவர் எல்லாருக்கும் ஒரே நாள்.

இனி மகனின் கதை. அவனுக்கு ஃபேட் வேண்டும், பக்கம் தோல் தெரிய, மேலே குவியலாய். பாடசாலையில் ஒழுக்காற்று ஆசிரியர் திங்கட்கிழமை வாசலில் நிற்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசக்கூடிய ஆள் சலூன்காரர் ஒருவர்தான். நான் பேசினால் சண்டை. எங்கள் ஆள் என்ன செய்கிறார் என்றால், பெடியன் போனில் காட்டுகிற படத்தைச் சிரிக்காமல் வாங்கிப் பார்க்கிறார். விரலால் பெரிதாக்கியும் பார்க்கிறார். "இது வடிவுதான். ஆனா தம்பி, உங்கட மயிர் மொத்தம், இவன்ட மெல்லிசு. இதே மாதிரி விட்டா முள்ளம்பன்றி மாதிரி நிக்கும். ஓரத்தில ரெண்டு போட்டு, மேல போகப் போக மூண்டுக்குக் கொண்டுபோறன். லீவுக்கு வாங்க, தோலுக்கு இறக்குவம்." மகன் தலையாட்டுகிறான். இதே வசனத்தை நான் வீட்டில் சொல்லியிருந்தால் கதவு அடிபட்டிருக்கும். அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் அவருக்கு 700 கொடுக்கிறேன்.

இந்த ரெண்டு, மூண்டு என்கிற நம்பர் விடயம் பலருக்குச் சரியாகத் தெரியாது. சலூன் மெசினில் ஒன்றாம் நம்பர் சீப்பு என்றால் 3 மில்லிமீற்றர் மயிர் மிஞ்சும். இரண்டு 6, மூன்று 10, நாலு 13. 2020இல் ஊரடங்குக்குள் கடைகள் பூட்டிக் கிடந்தபோது வீட்டுக்கு வீடு ட்ரிம்மர் வாங்கினோமே, அதில் பலவற்றில் நேரே மில்லிமீற்றர்தான் போட்டிருக்கும். சலூனில் "மூண்டு" என்று வெட்டிப் பழகிய ஆள் வீட்டு ட்ரிம்மரை 3இல் வைத்து இழுத்தால் கிட்டத்தட்ட மொட்டை. பக்கத்து வீட்டில் ஒரு பெடியன் அப்படித்தான் தொப்பியோடு திரிந்தான்.

மூன்றாவது தலை அப்பாவுடையது. பாரிசவாதம் வந்த பிறகு அவரால் படி இறங்க முடியாது. உவர்மலையிலிருந்து ஓட்டோவில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோகிற பாட்டை விட, ஆளை வீட்டுக்குக் கூப்பிடுவதே நல்லது. எல்லாரும் வரமாட்டார்கள். நான் கேட்ட புதுக்கடைகளில் ஒன்றிலும் வரவில்லை. பழைய சலூன் வைத்திருக்கிற ஒரு அண்ணை, கடை ஆறுதலாக இருக்கிற செவ்வாய் மத்தியானத்தில் வருகிறார். அப்பா சைவப்பழம், செவ்வாயில் வெட்டுகிறதா என்று முதலில் குழப்படி செய்தார். "ஐயா, வருத்தக்காரருக்கு நாள் பார்க்கிறதில்லை" என்று அவர் சொன்னதோடு சரி.

அவர் வெட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவின் கதிரை கை வைத்தது, சுவரோரம் வெளிச்சம் விழுகிற பக்கம் போட்டிருப்போம். தலை இடப்பக்கம் சரியும். அவர் தலையை நிமிர்த்த முயல்வதில்லை. தானே முழங்காலைத் தரையில் ஊன்றி, தன் தலையையும் அதே பக்கம் சரித்துக்கொண்டு வெட்டுவார். மெசின் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்காது, கத்தரி மட்டும்தான். காது மடலை இரண்டு விரலால் மெதுவாக மடித்துப் பிடித்து, உள்ளே முளைத்திருக்கிற மயிரைச் சின்னக் கத்தரியால் எடுப்பார். சேவ் எடுக்கும்போது சரிந்த பக்கக் கன்னத்தை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அது என் வேலை. முடிந்ததும் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, "ஐயா மாப்பிள்ளை மாதிரி" என்பார். அப்பாவின் வாய் ஒரு பக்கம் சிரிக்கும்.

இதற்கு எவ்வளவு கொடுப்பது? அவரைக் கேட்டால் "பார்த்துத் தாங்க தம்பி" என்பார். நிறையப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு கடை விலையோடு நூறு ரூபா சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அவர் போனை எடுக்காவிட்டால் குறை அவருடையதல்ல. என் கணக்கு இது: தலைக்கும் சேவுக்கும் கடையில் என்ன விலையோ அது, போகவர ஓட்டோக்காசு, கடையை விட்டு நிற்கிற நேரத்தில் அவர் வெட்டியிருக்கக்கூடிய இன்னொரு தலையின் விலை. மூன்றையும் கூட்டி, முதல் நாளே "இவ்வளவு தாறன், சரியா அண்ண?" என்று கேட்டேன். கூட என்றார். நான் குறைக்கவில்லை.

ஒழுங்கையில் படுக்கையோடு இருக்கிற இன்னும் இரண்டு பெரியவர்களை அதே நாளில் சேர்த்துவிட்டால் ஓட்டோக்காசு மூன்றாகப் பிரியும், அவருக்கும் ஒரு நடையில் மூன்று தலை. வருகிறவருக்குப் பழைய சேலை ஒன்று தரையில் விரிக்க, வெந்நீர், சுத்தமான துவாய், நல்ல வெளிச்சம் ஆகியவற்றை முன்னமே ஆயத்தம் செய்து வையுங்கள். அவர் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு தேத்தண்ணியும் வையுங்கள், அதே கோப்பையில், வீட்டு ஆட்கள் குடிக்கிற கோப்பையில். இதையும் எழுத வேண்டியிருக்கிறது என்பது எங்கள் ஊருக்குப் பெருமையில்லை. அவரைச் சாதிப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள், அந்த வீடுகளுக்கு அவர் திரும்பிப் போவதில்லை. சரியாகத்தான் செய்கிறார்.

நல்ல கைகள் நிலைக்கிறதும் இல்லை. எனக்கு வருடக்கணக்காக வெட்டின தம்பி கட்டாருக்குப் போய்விட்டான். இங்கே மாதம் முழுக்க நின்று எடுத்ததை விட அங்கே கூட என்றான், போகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. ஆகவே திரும்பவும் வாங்கில் இருந்து, இறங்குகிற தலைகளைப் பார்த்துத் தேட வேண்டியதாயிற்று. புது ஆளிடம் முதல் தரம் உட்காரும்போது கலியாணத்துக்கோ நேர்முகப் பரீட்சைக்கோ முதல்நாள் போகவே கூடாது, இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். கத்தரி மட்டும் போடச் சொல்லுங்கள், நினைக்கிறதை விட ஒரு விரல் நீளமாகவே விடச் சொல்லுங்கள். கூட இருந்தால் அடுத்த நாலைந்து நாளுக்குள் திரும்பிப் போய் "இன்னும் கொஞ்சம் எடுங்க அண்ண" என்று கேட்கலாம். அதற்குக் காசு வாங்காமல் கதிரையைத் தட்டிவிட்டு உட்காரச் சொல்கிறவரின் நம்பரைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.